கடன் சுமையைக் குறைப்போரை அறிந்து தேர்வோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தளித்தார்கள். சந்தா, உண்டியல், கடை வாடகை என ஒவ்வொன்றுக்கும் ரசீதும் கணக்கும் இருந்தன. அல்ஹம்து லில்லாஹ். ஆனால் எந்தப் பொதுக்குழுவிலும் வாசிக்கப்படாத கணக்கு ஒன்று நம் வீடுகளுக்குள் இருக்கிறது. அதுவே கடன் கணக்கு. கணவன் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மனைவி குழுவில் வாங்கியது கணவனுக்குத் தெரியாது. இருவர் வாங்கியதும் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் வசூலுக்கு ஆள் வந்து நிற்கும்போதுதான் எல்லாருக்கும் ஒருசேரத் தெரிய வருகிறது.

நம் கடற்கரையின் பிழைப்பு பருவத்தைச் சார்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. மழைக்காலம் வந்தால் உப்பளங்களில் வேலை இராது. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவருக்குக் கப்பல் வந்தால்தான் கூலி. இவற்றுடன் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. கடைச் சரக்கும் வீட்டுச் சாமான்களும் வெள்ளத்தில் போயின. அரசு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கியது. போன சரக்கை மீண்டும் வாங்கப் பலருக்குக் கடனைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கடனின் தீமை பற்றி நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை பேசியுள்ளோம். இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு. கடனில் ஏற்கெனவே விழுந்துவிட்டவர் எழுந்து வர யாருடைய கையைப் பற்றுவது? அந்தக் கை நம்பத்தக்கதுதானா என்பதை எவ்வாறு அறிவது? இதுவே இன்றைய பொருள்.

கடனைக் குறைத்துத் தருவதாக வருவோர்

"உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்", "வங்கிக்கு இனி ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்", "வசூல் ஆட்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றெல்லாம் கைபேசியிலும் சுவரொட்டியிலும் விளம்பரங்கள் வருகின்றன. கடன் குறைப்பு நிறுவனம் என்று எதற்கும் ரிசர்வ் வங்கி உரிமம் வழங்குவதில்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 11 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. சிலர் எவ்வித அதிகாரமும் இன்றிக் 'கடன் தள்ளுபடிச் சான்றிதழ்' வழங்குவதாகக் கூறி, சேவைக் கட்டணம் என்றும் சட்டக் கட்டணம் என்றும் பணம் வசூலிக்கின்றனர். வங்கிகளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்றும் மக்களிடம் கூறுகின்றனர். இத்தகையோரிடம் ஏமாற வேண்டாம், காவல்துறையிடம் புகார் செய்யுங்கள் என்பதே அவ்வறிக்கையின் சாரம். கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை கடன் கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. மூன்றாம் ஆள் அச்சடித்துத் தரும் சான்றிதழ் வெற்றுக் காகிதமே.

எல்லாரும் இவ்வாறு போலிச் சான்றிதழ் தருவதில்லை. சில நிறுவனங்கள் உண்மையாகவே வங்கியுடன் பேரம் பேசுகின்றன. அவற்றின் முறையையும் ஓர் உதாரணக் கணக்கால் விளங்கிக்கொள்வோம்.

ஒருவருக்குக் கடன் அட்டையில் 2,00,000 ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம், "ஆறு மாதம் தவணை கட்டாதீர்கள். வங்கி தானாக இறங்கி வரும். பாதியில் முடித்துத் தருகிறோம். எங்கள் கட்டணம் நிலுவையில் 15 விழுக்காடு" என்கிறது. மாதம் மூன்றரை விழுக்காடு வீதம் ஆறு மாதத்தில், வட்டிக்கு வட்டி சேர்க்காமலே, 42,000 ரூபாய் ஏறும். தாமதக் கட்டணம் தனி. நிலுவை இப்போது 2,42,000. வங்கி பாதிக்கு இசைந்தால் 1,21,000. நிறுவனத்தின் கட்டணம் 30,000. ஆக, கடனாளி செலுத்துவது 1,51,000. ஒரு இலட்சம் குறையும் என்று நம்பியவருக்குக் குறைந்தது 49,000 மட்டுமே. வங்கி இசையாவிடில் கட்டணமும் போய், 2,42,000 நிலுவையும் வக்கீல் நோட்டீசும் அவர் கையில் நிற்கும்.

கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில், முழுமையாகக் கட்டி முடித்தது வேறாகவும், பேரம் பேசிக் குறைத்து முடித்தது வேறாகவும் குறிக்கப்படுகிறது என்பதையும் இந்நிறுவனங்கள் முன்கூட்டியே சொல்வது அரிது.

பள்ளிவாசலில் நடந்த ஒரு கடன் தீர்வு

கடனைக் குறைத்துத் தீர்ப்பது மார்க்கத்திற்குப் புதியதன்று. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன்பட்டிருந்தார்கள். மஸ்ஜிதுந் நபவியில் வைத்து அதைக் கேட்டபோது இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டினுள் இருந்த நபி (ஸல்) அவர்கள் செவியுற்று, திரையை விலக்கி வெளிவந்து, பாதியைக் குறைத்துக்கொள்ளுமாறு கஅப் (ரலி) அவர்களுக்குக் கையால் சைகை செய்தார்கள். அவர்கள் உடனே இசைந்தார்கள். அதன் பின் கடன்பட்டவரை நோக்கி, எழுந்து சென்று மீதியைச் செலுத்துமாறு பணித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது.

இதில் அடங்கிய முறையைக் கவனியுங்கள். கொடுத்தவர், பட்டவர் இருவரும் நேரில் இருந்தனர். பேச்சு பலர் வந்து போகும் இடத்தில் நடந்தது. குறைக்கும் உரிமை உடையவரே குறைத்தார். நடுவில் நின்றவர் தமக்கென எதையும் பெறவில்லை. மீதித் தொகை கொடுத்தவர் கைக்கே சென்றது. கடனாளிக்கு இரக்கமும் கிடைத்தது, கண்டிப்பும் கிடைத்தது. யாரேனும் நம் கடனைத் தீர்த்து வைப்பதாக வந்தால், இந்த அளவுகோலையே அவருக்கு வைத்துப் பார்க்கலாம்.

ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: கட்டணம் எப்போது, எவ்வளவு? வேலை முடியும் முன்பே பணம் கேட்பவரிடம் விலகி நில்லுங்கள். அமெரிக்காவில் தொலைபேசி வழியே கடன் குறைப்புச் சேவை விற்போர் முன்பணம் வாங்குவதை 2010 அக்டோபர் முதல் அந்நாட்டு அரசு தடை செய்தது. பணத்தை முன்னரே பெற்றுக்கொண்டு வேலையைச் செய்யாமல் விட்ட நிறுவனங்கள் பெருகியதே அதற்குக் காரணம். நம் சமுதாயத்தவர் பலர் வாழும் மலேசியாவில், அந்நாட்டு மத்திய வங்கி 2006-இல் ஏ.கே.பி.கே. என்னும் அமைப்பை நிறுவி, கடன் ஆலோசனையையும் தவணைச் சீரமைப்பையும் இலவசமாகவே வழங்கி வருகிறது. இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு முன்பணம் கேட்கும்போது நாம் விழித்துக்கொள்ள வேண்டாமா?

இரண்டாம் கேள்வி: பணம் யார் கணக்கில் செல்கிறது? "மாதந்தோறும் எங்களிடம் கட்டி வாருங்கள், நாங்கள் சேர்த்து வங்கியில் கட்டுகிறோம்" என்பவரிடம் ஒப்படைக்காதீர்கள். பணம் கடன் கொடுத்தவரின் கணக்கிற்கே நேராகச் செல்ல வேண்டும். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கொடுத்தவரைச் சந்திக்கச் சொல்கிறாரா, ஒளியச் சொல்கிறாரா? "வங்கியிலிருந்து பேசினால் எடுக்காதீர்கள், எண்ணை மாற்றுங்கள்" என்பது நல்ல ஆலோசனையன்று. கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்பதாலேயே நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடினார்கள். நம்மைப் பொய்யில் மேலும் ஆழ்த்துபவர் நம் கடனைத் தீர்ப்பவர் அல்லர்.

நான்காம் கேள்வி: எழுத்தில் தருகிறாரா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் விரிவாகப் பணிக்கிறது. கடனைத் தீர்க்கும்போதும் எழுத்து வேண்டும். எத்தனை ரூபாய்க்கு முடிக்கிறோம், எந்தத் தேதிக்குள், அதன் பின் எந்தப் பாக்கியும் இல்லை என்று வங்கியின் தாளில், வங்கியின் கையொப்பத்துடன் கடிதம் பெற்ற பின்னரே பணம் கட்ட வேண்டும். முடிந்ததும் நிலுவையில்லாச் சான்று பெற வேண்டும். சொத்துப் பத்திரம் ஈடாக இருந்தால், கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது.

ஐந்தாம் கேள்வி: உங்கள் முழுக் கணக்கையும் கேட்டாரா? நோயைக் கேளாமல் மருந்து தருபவர் மருத்துவர் ஆகார். வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எதையும் வினவாமல் "பாதியாகக் குறைப்போம்" என்று உறுதி கூறுபவர், தம் கட்டணத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இவ்வைந்துடன் ஓர் எச்சரிக்கை. பெயரில் இஸ்லாம் இருப்பது நாணயத்திற்குச் சான்றாகாது. 2019 ஜூன் மாதம் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் வீழ்ந்தது. 'ஹலால் இலாபம்' என்ற சொல்லை நம்பிப் பணம் போட்ட பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் தெருவிற்கு வந்தன. அது முதலீட்டு நிறுவனம், கடன் குறைப்பு நிறுவனம் அன்று. ஆயினும் படிப்பினை ஒன்றே. ஒருவர் தாடி வைத்திருக்கிறார், நம் பள்ளியில் முதல் வரிசையில் தொழுகிறார், ஓர் ஆலிம் அவரைப் பாராட்டினார் என்பவை அவருடைய கணக்கு ஏட்டைப் பார்க்காதிருக்கக் காரணமாகா. இந்த ஐந்து கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். நம்மைப் போன்ற உலமாக்கள் யாரையேனும் பரிந்துரைத்தால் எம்மிடமும் கேளுங்கள்.

திறந்திருக்கும் வாசல்கள்

தரகர் இன்றியே தட்டக்கூடிய வாசல்கள் உண்டு. முதல் வாசல் கடன் கொடுத்த வங்கியே. தவணை தவறும் முன்பே கிளை மேலாளரைச் சந்தித்து, மழையால் கடை மூடியது, நோயால் வேலை நின்றது என்று ஆதாரத்துடன் மனுக் கொடுக்கலாம். இணக்கமாகக் கடனை முடிப்பதற்கான கொள்கையை ஒவ்வொரு வங்கியும் வகுத்து வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. ஆகவே இது பிச்சை கேட்பதாகாது.

இரண்டாவது, மாவட்டந்தோறும் முன்னோடி வங்கியின் பொறுப்பில் இயங்கும் நிதிசார் கல்வி மையம். கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை கூறும் மையங்களை அமைக்கும் திட்டத்தை 2009-இல் ரிசர்வ் வங்கி வகுத்தது. அங்கு கட்டணம் இல்லை.

மூன்றாவது, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அவ்வாணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில், வழக்குத் தொடரும் முன்பே வங்கியையும் கடனாளியையும் அமர வைத்துப் பேசி முடிக்கின்றனர். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கு எழுதப்படும் முடிவு தீர்ப்புக்கு ஒப்பானது, மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையொப்பமிடும் முன் கட்டக்கூடிய தொகைதானா என்று நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, வங்கியோ நிதி நிறுவனமோ மனுவைக் கேளாமல் 30 நாட்கள் கடந்தால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொல்லை தரலாகாது என்பதும் 2022 முதல் ரிசர்வ் வங்கியின் ஆணை. குழுக் கடன் வாங்கும் சகோதரிகள் ஒன்றை அறிய வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்குச் சிறுகடன் கொடுக்கலாகாது என்பது விதி. நிறுவனம் கொடுக்க முன்வந்தாலும் நாம் அந்த எல்லையைத் தாண்டலாகாது. கைபேசிச் செயலியில் கடன் வாங்கி மிரட்டலுக்கு உள்ளானவர், மேலும் பணம் கட்டாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

கந்துவட்டியின் நிலை வேறு. 10,000 ரூபாய்த் தண்டல் என்று சொல்லி 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாட்கள் வசூலிப்பார்கள். கேட்கச் சிறிய தொகை. கணக்கிட்டால் ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டும் வட்டி. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்து, மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டம் அனுமதிக்கும் அளவிலான தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரும் வழியும் அச்சட்டத்தில் உண்டு. இவ்வழியைக் கடனாளிகளில் பலர் அறியார்.

அறியாமையின் விலை என்ன என்பதை நம் பக்கத்து மாவட்டத்தில் கண்டோம். 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரு சிறு குழந்தைகள் தீக்கிரையாயினர். அவர்கள் எந்த மதத்தவர் என்று நாம் கேட்கலாகாது. அந்தத் தெருவில் நம்மைப் போன்ற ஒரு சமுதாயம் இருந்ததா, அக்குடும்பம் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்ததா என்றே கேட்க வேண்டும். உயிர் அல்லாஹ்வின் அமானிதம். எந்தக் கடனுக்கும் அது ஈடாகாது. கடன் நெருக்கி மனம் உடைந்திருக்கும் சகோதரர் எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், நள்ளிரவானாலும் பள்ளிவாசல் அறைக் கதவைத் தட்டுங்கள்.

முத்துக் கடல் தரும் பாடம்

நம் முன்னோர் முத்துக்குளித்த கடல் இது. 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதே தொழில் நடந்த அரபு வளைகுடாவில் கடன் எவ்வாறு வேலை செய்தது என்பதை நாம் அறிய வேண்டும். குளிக்கும் பருவம் முடிந்த பின் வீட்டுச் செலவுக்குப் படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்குவார்கள். கணக்கு அவனிடம் மட்டுமே இருக்கும். குளியாளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனை பருவம் மூழ்கினாலும் பாக்கி தீராது. தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் ஏறும், அவனும் அதே படகில் மூழ்குவான்.

1920-களில் பஹ்ரைனில் இம்முறையைச் சீர்திருத்தினர். அதில் முக்கியமானது, ஒவ்வொரு குளியாளிக்கும் அவருடைய வரவும் பற்றும் எழுதிய கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது. தந்தையின் கடனுக்காக மகனைப் பிடிக்கலாகாது என்றும் விதித்தனர். வட்டியை ஒழிக்கவும் வறுமையை ஒழிக்கவும் அது மட்டும் போதவில்லை. ஆயினும் தனக்கு எவ்வளவு பாக்கி என்பதை ஒரு மனிதன் அறிந்துகொண்டான். கடனிலிருந்து மீள்வதற்கான முதல் படி அதுவே.

நம் அண்டைக் கடற்கரையிலும் ஒரு முன்மாதிரி உண்டு. மீனவருக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி, பிடித்த மீனைத் தனக்கே தர வேண்டும் என்று கட்டிப்போட்டு, விலையையும் தானே வைப்பது வழக்கம். கேரளத்தின் மரியநாட்டில் தோன்றி, கன்னியாகுமரிக் கடற்கரையிலும் வேர்கொண்ட மீனவர் சங்கங்கள் இக்கட்டை அறுக்க முயன்றன. 1980-இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கரையில் ஏலத்தைச் சங்கமே நடத்தியது. அன்றன்றைய விற்பனையில் ஒரு குறிப்பிட்ட பங்கு கடனுக்குக் கழிந்தது. மீன் மிகுந்த நாளில் மிகுதியாகவும், குறைந்த நாளில் குறைவாகவும் கடன் தீர்ந்தது. அக்கடன்களின் வட்டி நமக்கு ஏற்புடையதன்று. ஆனால் வருவாய்க்குத் தக்க தவணை என்பது, கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் தருமாறு பணிக்கும் பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனத்திற்கு இசைந்தது. நல்ல திட்டம் கடனாளியின் பிழைப்பை அறிந்து தவணை வகுக்கும். 61 நாள் தடைக்காலத்திலும் அதே தொகையைக் கேட்கும் திட்டம் இக்கடற்கரைக்கு உதவாது.

ஜமாஅத்தின் கடமை

பெரியோர்களே! கடனுடன் மரணித்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். பிற்காலத்தில் வெற்றிகள் கிட்டி, பொது நிதியில் பொருள் சேர்ந்தபோது, கடனை விட்டு இறப்பவரின் கடனைத் தீர்ப்பது தம் பொறுப்பு என்று அறிவித்தார்கள். தனி மனிதர் ஏற்ற சுமையை, வசதி வந்ததும் சமுதாயத்தின் நிதி ஏற்றுக்கொண்டது. தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரையும் கூறுகிறது. நம் பைத்துல்மாலில் ஏழைகளுக்கும் கல்விக்கும் பங்கு உண்டு. கடன்பட்டோருக்கென்று தனித் தலைப்பு இன்று வாசிக்கப்பட்ட கணக்கில் இல்லை. அது அடுத்த ஆண்டு அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

அதற்கு நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம். நம்பிக்கைக்குரிய மூவர் அடங்கிய குழு வேண்டும். கணக்கு அறிந்த ஒருவர், சட்டம் அறிந்த ஒருவர், சகோதரிகள் தயக்கமின்றி அணுகப் பெண் ஒருவர். இரண்டாவது, கடனாளியின் பெயர் நிர்வாகக் கூட்டத்திலும் சொல்லப்படலாகாது. எண் மட்டுமே போதும். நம்மவர் தரகரிடம் போவதற்குப் பெரும் காரணம், ஜமாஅத்தில் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற அச்சம். பெண் கொடுக்கல் வாங்கல் வரை அப்பேச்சு சென்று தாக்கும். இரகசியம் காக்க இயலாதெனில் இக்குழுவைத் தொடங்காதிருப்பதே மேல். மூன்றாவது, வருபவருக்கு முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, எல்லாக் கடனையும் எழுதச் செய்து, குழுவில் ஒருவர் அவருடன் வங்கிக்கும் ஆணைக்குழுவுக்கும் செல்ல வேண்டும். நான்காவது, உதவித் தொகையை, கடனாளியின் சம்மதத்துடன், கடன் கொடுத்தவருக்கே நேராகச் செலுத்த வேண்டும். அசலைத் தீர்ப்பது கடமை. வட்டியையும் அபராதத்தையும் விட்டுக்கொடுக்குமாறு முதலில் கேட்க வேண்டும்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு சட்டம். வர வேண்டிய பாக்கியை "உனக்கு விட்டுவிட்டேன், இதுவே என் ஜகாத்" என்று கழித்துக்கொள்வது ஜகாத்தாக நிறைவேறாது என்பதையே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சரியான கருத்தாகக் குறிப்பிடுகிறார்கள். பாக்கியை விட்டுக்கொடுப்பது மிகப்பெரும் நன்மை. அது தனி. ஜகாத் தனி.

கடனாளிச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டு வேறு பெயரில் கடை திறப்பவருக்கு எந்தத் திட்டமும் இல்லை. கையில் உண்மையிலேயே இல்லாதவருக்கே இந்த இரக்கம் அனைத்தும். கடனிலிருந்து ஒருவரை மீட்ட பின், அதே வீட்டில் மறு ஆண்டு கடன் வாங்கிக் கல்யாண விருந்து நடக்குமானால், ஜமாஅத் எத்தனை இலட்சம் சேர்த்தாலும் போதாது. அந்த வீட்டு விருந்தில் சென்று அமர்பவர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு.

இக்கூட்டம் கலையும் முன் அந்த மூவரின் பெயர்களை நிர்வாகம் முடிவு செய்யுமானால், இன்றிரவு தூக்கமின்றிப் படுக்கப் போகும் ஏதோ ஒரு வீட்டில் சற்று நிம்மதி பிறக்கும்.

கடனின் சுமையை விட்டும், மனிதர்களின் ஆதிக்கத்தை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! கடன்பட்டோரின் கடன்களைத் தீர்த்து வைப்பானாக! கடன் கொடுத்தோர் உள்ளங்களில் இரக்கத்தை ஊட்டுவானாக! ஹலாலான உழைப்பில் பரக்கத்தை அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.